படகில் முன்சீட்டு

உக்காருங்க தம்பி, தாராளமா உக்காருங்க. அதுக்கு ஆளு வராது. என் சம்சாரத்துக்குப் போட்ட சீட்டு. மாப்ள கனடாவுல இருந்துக்கிட்டே ரெண்டு சீட்டும் சேத்துப் போட்டுட்டாரு, ஆனா அவ வரல. மூட்டுவலி. அங்கன நல்ல டாக்டருக இருக்காக, பாத்துட்டு மெதுவா வரட்டும்னு நாந்தான் விட்டுட்டு வந்தேன். பையை மேல வைங்க. என் பொட்டி மேல மட்டும் வச்சிராதீக, உள்ள கண்ணாடி பாட்டில் இருக்கு.

நீங்க எதுவரைக்கும்? மதுரையா. நான் அருப்புக்கோட்டை. ஏரோப்பிளேன்ல இருவத்திரெண்டு மணி நேரம், அப்புறம் இந்த பஸ்ஸு. ஒரு பொட்டுத் தூக்கம் இல்ல தம்பி. கண்ண மூடுனா உடம்பு மிதக்குது. படகு விட்டு எறங்கி பத்து நாளாச்சு, இன்னும் அதுலயே இருக்க மாதிரி இருக்கு. அசந்து போச்சு, அம்புட்டும் அசந்து போச்சு.

இந்த டிரைவர் பையன் கியர் மாத்துறதக் கேட்டீகளா? கறக்குங்குது. நான் முப்பத்தொரு வருசம் ஓட்டியிருக்கேன். எக்ஸ்பிரஸ் வண்டி, மதுரை–திருச்செந்தூர் லைன். ஒரு ஆளு மேல உரசுனதில்ல. விபத்தில்லாம ஓட்டுனதுக்கு மெடலு குடுத்தாக. டிரைவர் தவசிலிங்கம்னா அந்த லைன்ல தெரியாத ஆளு கிடையாது.

என்ன படகா? அதச் சொல்லத்தான வர்றேன். என் மக தமயந்தி ஒட்டாவாவுல இருக்கா. அந்த ஊருல ஒரு கால்வாய் இருக்கு தம்பி, நம்ம பெரியாறு கால்வாய் மாதிரி வயக்காட்டுக்குப் போறது இல்ல, படகு போறதுக்குன்னே வெட்டுனது. இருநூறு வருசம் ஆகப்போகுதாம். அன்னைக்குப் பட்டாளத்துக்காக வெட்டுனாகளாம். வெட்டும்போது காய்ச்சல் வந்து கொத்துக் கொத்தா செத்திருக்காக. இப்ப சனங்க அதுல லீவுக்குப் படகு விட்டு வெளையாடுறாக. அப்பாவும் அம்மாவும் வந்திருக்காக, மூணு நாளு குடும்பத்தோட படகுல போவோம், ராத்திரிக்குக் கரையில கூடாரம் போட்டுப் படுப்போம்னு மக ஏற்பாடு பண்ணிட்டா. நான் எதுக்கு வேணாங்கப் போறேன்? ஓட்டுறதுன்னா எனக்கு எதா இருந்தாலும் சரிதான்.

கனூங்கிறாக அந்தப் படகை. ரெண்டு முனையும் கூரா, ஒல்லியா, நீளமா இருக்கும். முன்னாடி ஒரு சீட்டு, பின்னாடி ஒரு சீட்டு. எஞ்சின் கிடையாது, ஆளுக்கொரு துடுப்பு. வாடகைக்கு விடுறவன் ஒரு தாடிக்காரன், என்னைய மேலயும் கீழயும் பாத்துட்டுப் பின்னாடி சீட்டக் காட்டுறான். பின்னாடி உக்காருறவருதான் ஓட்டணுமாம்ப்பா, கனமான ஆளுதான் பின்னாடி உக்காரணுமாம்னு மக சொல்றா. எனக்குச் சிரிப்பு வந்திருச்சு. ஏம்மா, உலகத்துல எந்த வண்டியிலம்மா டிரைவரு பின்னாடி உக்காருறான்? பின்னாடி உக்காருறவன் கண்டக்டரு. ரோட்டப் பாக்காம எவனாச்சும் ஓட்டுவானா? நான் பாட்டுக்குப் போயி முன்னாடி உக்காந்துட்டேன். மக ஏதோ சொல்ல வாயெடுத்தா. பஞ்சவர்ணந்தான் தடுத்தா. பஞ்சவர்ணம்னா என் சம்சாரம். "விடு தமயந்தி, அப்பா முன்னாடியே உக்காரட்டும். எனக்குப் பின்னாடி உக்காந்து பழக்கந்தான்"னா. பொறுமையான பொம்பள தம்பி, அதச் சொல்லணும். முப்பத்தாறு வருசத்துல எதுத்து ஒரு வார்த்த பேசுனதில்ல.

நான் தொண்ணூத்தி ரெண்டு கிலோ, அவ அம்பது இருந்தா அதிகம். படகு மூக்கக் குத்திக்கிட்டு நின்னுச்சு. தாடிக்காரன் தலையில கைய வச்சிக்கிட்டான். அப்புறம் கூடாரப் பை, அரிசி, சமையல் சாமான் அம்புட்டையும் அவளுக்குப் பின்னாடி ஏத்திச் சரிக்கட்டுனாக. மகளும் மாப்ளயும் இன்னொரு படகு. கெளம்பிட்டோம்.

சும்மா சொல்லக்கூடாது, அந்தப் படகு எனக்குன்னே செஞ்ச மாதிரி கேட்டுச்சு. வலது பக்கம் திரும்பணும்னா வலது பக்கம் துடுப்பப் போட்டு ஒரு வலி வலிப்பேன். படகு அப்படியே வலது பக்கம் வளையும். பக்கத்துப் படகுல இருந்து மாப்ள கத்துறாரு, "மாமா, வலது பக்கம் வலிச்சா இடது பக்கமில்ல போகும்"னு. போச்சா? போகல. படிச்சவுக தம்பி, எல்லாத்தையும் புத்தகத்துல படிச்சுட்டு வந்து பேசுறாக. நமக்குக் கையில இருக்கு.

ஒரே ஒரு சங்கடம், நான் மட்டும் தனியா வலிக்க வேண்டியதாப் போச்சு. பின்னாடி துடுப்புச் சத்தமே கேக்கல. எப்பவாச்சும் ஒரு தடவ சளக்குங்கும், அம்புட்டுதான். ஒரு தடவ லேசாத் திரும்பிப் பாத்தேன். துடுப்பத் தண்ணியில சாச்சு விட்டுட்டு, கரண்டிய சட்டியில விட்டுட்டு மறந்தவ மாதிரி உக்காந்திருக்கா. நான் திரும்புனதும் படகு ஒரு ஆட்டம் ஆடுச்சு பாருங்க, உயிரே போயிருச்சு. அதோட திரும்புறத விட்டுட்டேன். மக வேற பக்கத்துல வந்து வந்து, "அம்மா, இன்னுங் கொஞ்சம் சாச்சுப் பிடி, ஆங், அப்படித்தான்"னு அவளோட பேச்சு. தாயும் மகளும் பேசிக்கிட்டு வரட்டும், மூணு நாளும் நாமளே இழுத்துருவோம்னு இழுத்தேன். தோள்பட்டை இன்னும் எறங்கல.

நடுவுல லாக்குன்னு வருது. மேடு பள்ளத்துக்கு அங்கங்க கதவு போட்டிருக்காக. படகோட உள்ள போயி நிக்கணும், கதவச் சாத்திருவாக. கெணத்துக்குள்ள எறங்குற மாதிரி தண்ணி மெதுவா எறங்கும். செவத்துல தொங்குற கம்பியப் பிடிச்சிக்கிட்டே நாமளும் எறங்கணும். அப்புறம் அந்தப் பக்கத்துக் கதவத் தெறப்பாக. இன்னமும் கையாலதான் சுத்தித் தெறக்குறாக, கரண்டு கிடையாது. சின்னப் பொண்ணு ஒண்ணு நின்னு சுத்துச்சு. எங்க படகு உள்ள நொழஞ்சு செவத்த ஒட்டி நின்ன நேர்த்தியப் பாத்துட்டுக் கட்டைவெரலத் தூக்கிக் காட்டுச்சு. என்னையப் பாத்துத்தான். பஞ்சவர்ணம் தனக்குன்னு நெனச்சுக்கிட்டு, பல்லு தெரியச் சிரிச்சு அவளும் வெரலத் தூக்குறா. சரி, சந்தோசமா இருந்துட்டுப் போறான்னு நான் ஒண்ணும் சொல்லல.

தண்ணி இருக்கா தம்பி? ஒரு வாய் குடுங்க. நாக்கு ஒட்டுது.

மூட்டுவலின்னு சொன்னேன்ல? அது சும்மா சொன்னது. எல்லாருக்கும் அதத்தான் சொல்லப் போறேன், வாயில அதுவா வந்திருச்சு. அவளுக்கு மூட்டும் நல்லாத்தான் இருக்கு, முழங்காலும் நல்லாத்தான் இருக்கு. விசாவுல நாளு இருக்கு, இருந்துட்டு வருவா. வராம எங்க போகப்போறா?

மூணாவது நாளு காலையில கால்வாய் ஒரு ஏரியில போயிச் சேந்துச்சு. ஏரின்னா நம்ம கம்மாய் மாதிரி இல்ல, அந்தக் கரை கண்ணுக்குத் தெரியல. மகளும் மாப்ளயும் ரொம்ப முன்னாடி போயிட்டாக. காத்து கெடையாது, சத்தம் கெடையாது. நானும் அவளும் மட்டும். யோசிச்சுப் பாத்தா தம்பி, அப்படி ரெண்டு பேரும் தனியா வேற வேலை இல்லாம இருந்ததே கிடையாது. நான் ஒரு நாளு டூட்டி, ஒரு நாளு தூக்கம். அப்படியே முப்பத்தொரு வருசம் போச்சு.

அப்பத்தான் முதுகுக்குப் பின்னாடி இருந்து சொல்றா, "உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். திரும்பாதீங்க, திரும்புனா ஆடும்."

ஓட்டும்போது பேச்சுக் குடுக்காதன்னேன். பஸ்ஸுல எழுதியே போட்டிருப்போமே.

"நீங்க ஓட்டாத நேரத்துக்குக் காத்திருந்து காத்திருந்து தலை நரைச்சுப் போச்சு. இப்பவே கேட்டுர்றேன். வேலங்குளம் விலக்குல அன்னைக்கு என்னையப் பாத்தீங்களா, இல்லையா?"

முப்பது வருசத்துக்கு முந்துன கத தம்பி அது.

நாங்க அப்ப வேலங்குளத்துல குடியிருந்தோம். மெயின் ரோட்டுல விலக்கு, அங்கேருந்து ரெண்டு கிலோமீட்டர் உள்ள போகணும். தமயந்திக்கு நாலு வயசு. காய்ச்சல் ஏறி கண்ணு சொருகிருச்சு. டவுன் பஸ்ஸு போயிருச்சு, அடுத்தது ரெண்டு மணி நேரம் கழிச்சு. மதுரைக்குப் போற என் வண்டி பத்தே காலுக்கு அந்த விலக்கத் தாண்டும்னு அவளுக்குத் தெரியும். பிள்ளையத் தோளுல போட்டுக்கிட்டு ரெண்டு கிலோமீட்டரும் ஓடியே வந்திருக்கா. ஆனா எக்ஸ்பிரஸுக்கு அங்க ஸ்டாப்பிங் கிடையாது. அதுக்கு முந்துன வாரந்தான் தெரிஞ்ச ஆளுன்னு ஒருத்தருக்கு வழியில நிப்பாட்டி, பயணி ஒருத்தன் எழுதிப்போட்டு, மெமோ வாங்கியிருந்தேன். இன்னொண்ணு வந்தா சஸ்பெண்டு. வண்டி நிக்காமப் போயிருச்சு. அவ ஒரு பால் வண்டியில தொத்தி மதுரை போயிச் சேர மத்தியானம் ஆயிருச்சு. மூளைக் காய்ச்சல். பிள்ள பொழச்சிருச்சு, இடது காது மட்டும் போச்சு. இன்னைக்கும் எம்மக யாரோட பேசுனாலும் வலது பக்கத்தத் திருப்பித்தான் பேசுவா. கொஞ்சம் முந்தி வந்திருந்தா காதக் காப்பாத்தியிருக்கலாம்னாரு டாக்டரு. டாக்டருன்னா எல்லாருக்கும் அதத்தான சொல்வாக?

அன்னைக்கு ராவு அவகிட்ட நான் சொன்னது, ஒரு லாரி மறைச்சிருச்சு, உன்னையப் பாக்கலன்னு. அவளும் அதுக்கு மேல கேக்கல. முப்பது வருசம் கேக்கல. போயும் போயும் கனடாவுல ஏரி நடுவுல வச்சுக் கேக்குறா.

"லாரி மறைச்சிருச்சுன்னு எத்தன தடவ சொல்றது?"ன்னேன்.

"ஒரே ஒரு தடவதான் சொன்னீங்க. இப்ப ரெண்டாவது தடவ கேக்குறேன். நீங்க என்ன சொன்னாலும் நான் சண்ட போட மாட்டேன், அழ மாட்டேன். நெசத்தச் சொல்லுங்க, போதும்."

"பாக்கல"ன்னேன்.

"சரி"ன்னா. அப்புறம், சோறு ஆறிப்போச்சுன்னு சொல்ற மாதிரி சாதாரணமாச் சொல்றா தம்பி, "நான் ஊருக்கு வரல. நீங்க போயிட்டு வாங்க."

நான் காதுல விழாத மாதிரி வலிச்சேன். வலிக்கிறேன், வலிக்கிறேன், படகு கேக்க மாட்டேங்குது. வலது பக்கம் வலிச்சா இடது பக்கம் போகுது. இடது பக்கம் போட்டா வலது பக்கம் சுத்துது. ஒரே எடத்துல வட்டம் போடுது. துடுப்பப் போடு பஞ்சவர்ணம்னு கத்துறேன். அவ துடுப்ப எடுத்து மடியில வச்சிக்கிட்டா போல, தண்ணி சொட்டுற சத்தம் மட்டும் கேக்குது. கடைசியில மாப்ள திரும்பி வந்து, கயிறக் கட்டி இழுத்துக்கிட்டுப் போனாரு. எனக்கு மானமே போச்சு. ரெண்டு நாளு எம் பேச்சக் கேட்ட படகு தம்பி. காத்தா இருக்கும். ஏரின்னா திடீர்னு காத்து கெளம்பும்னு சொல்றாக.

அதுக்கப்புறம் வீட்டுல எல்லாம் வழக்கம் போலத்தான். காப்பி குடுத்தா, சோறு போட்டா, என் துணியெல்லாம் மடிச்சுப் பொட்டியில வச்சா. அவ துணியில ஒண்ணக்கூட வைக்கல. கெளம்புற வரைக்கும் வச்சிருவா வச்சிருவான்னுதான் பாத்துக்கிட்டிருந்தேன். ஏர்போர்ட்டுக்கு அவ வரல. வாசல்ல நின்னு, மாத்திரைய நேரத்துக்குப் போடுங்கன்னு மட்டும் சொன்னா.

மகதான் வந்தா. உள்ள போற எடத்துல என் கையப் பிடிச்சிக்கிட்டு நின்னா. "அப்பா, அம்மாவுக்குத் தெரியும். என் கல்யாணத்தன்னைக்கே சுப்புராஜ் மாமா சொல்லிட்டாரு"ன்னா. சுப்புராஜ்னா என் கண்டக்டரு. பதினோரு வருசம் ஒண்ணா வண்டியில போயிருக்கோம். அவன் போயி இப்படிப் பண்ணுவான்னு நெனைக்கல. "தெரிஞ்சுக்கிட்டே எதுக்குடி கேட்டா உங்காத்தா? என்னைய அசிங்கப்படுத்தவா?"ன்னேன்.

"நீங்களா சொல்லுவீங்களான்னு பத்து வருசமாப் பாத்துக்கிட்டிருந்துச்சுப்பா"ன்னா. "எங்காது போனதுக்கு எனக்கு உங்க மேல கோவம் இல்ல. அம்மாவுக்கும் நீங்க நிப்பாட்டாததுகூட இப்பப் பெருசில்ல. பாத்தேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. அடுத்த பிளேன்ல நானே ஏத்தி விடுறேன். சொல்லலைன்னா அது வராது. அதோட கொணம் உங்களுக்கே தெரியும்"னா. எனக்கு எங்க தெரியுது? முப்பத்தாறு வருசம் அது எதுத்தே பேசல, நான் எப்படித் தெரிஞ்சுக்கிறது?

நீங்க சொல்லுங்க தம்பி. எஞ் சொந்தப் பொண்டாட்டி முன்னால நின்னு, நான் பாத்தேன்னு எந்த வாயால சொல்றது?

பாத்தேன். பாக்காம எப்படி? ரோட்டுல கெடக்குற ஆணியப் பாத்து ஒடிக்கிறவனுக்குப் பொண்டாட்டி நிக்கிறது தெரியாதா? லாரியும் இல்ல, ஒண்ணும் இல்ல, வெறும் ரோடு. பிள்ள தோளுல கெடக்கு, ஒரு கைய வீசிக்கிட்டு நிக்கிறா. என் வண்டி வர்றதப் பாத்ததும் சிரிச்சா தம்பி. அப்பாடா, வந்துட்டாருன்னு ஒரு சிரிப்பு. பின்னாடி சுப்புராஜ் விசிலடிச்சான். ஒத்த விசிலுன்னா நிப்பாட்டணும். அடிச்சான், மறுபடியும் அடிச்சான். நான் கால எடுக்கல. ஆக்சிலேட்டர்ல இருந்து கால எடுக்கவே இல்ல. வண்டிக்குள்ள செக்கிங் இன்ஸ்பெக்டரு யாரும் இல்லன்னும் எனக்குத் தெரியும். ஆனாலும் எடுக்கல. ஒரு மெமோவுக்குப் பயந்தேன்னு சொல்றதா, என் வண்டிக்கு எப்படி நீ கைகாட்டலாம்னு கோவம் வந்துச்சுன்னு சொல்றதா, எனக்கே இன்னைக்கு வரைக்கும் வெளங்கல. கண்ணாடியில பாத்தேன். வீசுன கை அப்படியே நிக்குது. ரொம்ப தூரம் வரைக்கும் தெரிஞ்சா.

அப்படி ஒரு பாவம் பண்ணியிருக்கேன். வேற யாருகிட்டயும் சொன்னதில்ல. உங்களத் தெரியாதுங்கிறதால வந்திருச்சு.

என்ன? இப்பச் சொல்லலாமா? அங்க விடியக்காலம் இருக்கும். அவ எந்திரிச்சிருவா, அதுல ஒண்ணும் இல்ல. போன்ல பேச முடியாது தம்பி. கொரலக் கேட்டா எனக்கு வாய் கட்டிக்கிரும். வாட்சப்பா? அதுல எனக்குத் தமிழ் அடிக்க வராது. நீங்க அடிச்சுக் குடுப்பீகளா? இந்தாங்க. பஞ்சவர்ணம்னு மகதான் பேரு போட்டு வச்சிருக்கா பாருங்க. ஆமா, அந்தச் சேலை கட்டுன படந்தான்.

பாத்தேன்னு போடுங்க. அம்புட்டுதான், வேற ஒண்ணும் வேணாம். அவளுக்குப் புரியும்.

அடிச்சாச்சா? காட்டுங்க. பா, த், தே, ன். இம்புட்டுக் காணும் இருக்கு.

அனுப்பாதீக. இருங்க, இருங்க, கொஞ்சம் இருங்க. அவ இப்பத்தான் எந்திரிச்சிருப்பா, பல்லுகூட வெளக்கியிருக்க மாட்டா. எந்திரிச்ச உடனே இதப் பாத்துக்கிட்டு... பக்கத்துல மாப்ள வேற இருப்பாரு. ஊருக்குப் போயி, குளிச்சிட்டு, நிதானமா நானே சொல்லிக்கிறேன். தீவாளிக்குள்ள சொல்லிருவேன். அத அழிச்சிருங்க தம்பி.

அழிச்சாச்சா? சரி, பஸ்ஸு நல்லாப் போகுது, சாப்பிட்டேன்னு போடுங்க. அனுப்பிருங்க. போயிருச்சா? ரெண்டு கோடு வந்திருச்சா? நீலமாயிருச்சா? என்ன போட்டிருக்கா? சரின்னா?

சரிதான். அந்த ஜன்னலக் கொஞ்சம் சாத்துங்க தம்பி, தூசி கண்ணுல விழுது.